உதடு ஒட்டும் சொல்

உங்கள் உதடு நன்றாக வந்திருக்கிறது, மேடம். யார் கை என்று தெரியவில்லை, ஆனால் நிதானமான கை. மேலுதட்டின் நடுவில் மட்டும் ஊசி மருந்து கொஞ்சம் கூடிவிட்டது. போகப்போக அமுங்கிவிடும். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்த உதட்டிலிருந்து வருகிற கேள்வியை என்னால் படிக்க முடியவில்லை, அதற்காகச் சொன்னேன். கேள்விகளைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். பதிலை வாயாலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் காதுதான் போனது, பேச்சு போகவில்லை.

காய்ச்சலில் காது போனபோது எனக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. நர்ஸ் வேலை. காது கேட்காத நர்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் மருந்துக் கிடங்குக்கு மாற்றினார்கள். உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ள ஒரு டீச்சரிடம் போய்ப் படித்தேன். என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். அடர்த்தியான மீசை வைத்திருந்தார், அதன்மேல் அவருக்கு உயிர். நான் படிக்கப் போக ஆரம்பித்த வாரத்தில் ஒருநாள் காலையில் மழித்த முகத்தோடு என் முன்னால் வந்து நின்றார்.

"இப்போ நான் சொல்றது தெரியுதா?" என்றார்.

தெரிந்தது. அப்படிப்பட்ட மனிதரையா சந்தேகப்பட்டாய் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் வருகிறேன்.

டீச்சர் முதல் நாளே சொன்னாள். "பானாவும் மானாவும் கண்ணுக்கு ஒன்னுதான். ரெண்டுக்கும் உதடு ஒட்டும். முன்னாடி பின்னாடி என்ன பேச்சு நடக்குதுன்னு பாத்துத்தான் கண்டுபிடிக்கணும்." அப்பாவும் அம்மாவும் எனக்கு ஒரே சொல் ஆகிப்போனார்கள். அம்மா வருகிறாள் என்று தங்கை சொல்வாள், நான் அப்பாவுக்கு டீ போட்டு வைப்பேன். வீடே வயிறு வலிக்கச் சிரிக்கும். எனக்குக் கேட்காது, ஆனால் சிரிப்பைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தங்கையை நாங்கள் சின்னவள் என்போம். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கென்று இருந்தவள் அவள்தான். எனக்குப் பிள்ளை தங்கவில்லை. மூன்று தடவை உண்டாகி மூன்று தடவையும் கலைந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் சொல்வதை எனக்காகத் திரும்ப வாயசைத்துச் சொன்னவள் சின்னவள். அவளுடைய உதடு மெல்லியது, கோடு போட்டது போலத் தெளிவானது. அவள் பேசினால் எனக்கு ஒரு எழுத்து தப்பாது.

அப்புறம் அழகு சிகிச்சை படித்துவிட்டுச் சொந்தமாக ஒரு கிளினிக் வைத்தேன். ஆரம்பத்தில் முகப்பரு, மங்கு என்றுதான் வந்தார்கள். உதட்டைப் பெரிதாக்குகிற ஊசிக்கு எப்போதாவது ஒருத்தி, அதுவும் முக்காடு போட்டுக்கொண்டு, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று வருவாள். அப்புறம் என்ன ஆயிற்றோ தெரியவில்லை. பேங்க் கவுன்ட்டரில் இருக்கிற பெண் வந்தாள். ஸ்கூல் டீச்சர் வந்தாள். மருந்துக்கடைக்காரர் மனைவி வந்து, அடுத்த மாதம் மகளையும் மாமியாரையும் கூட்டிவந்தாள். எல்லோரும் போனில் ஒரே வாயின் படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்றார்கள். நானும் கொடுத்தேன். எனக்குக் கைராசி என்று பேர் வந்துவிட்டது. வருகிறவர்களிடம் நான் கறாராக இருப்பேன். நாற்காலியில் உட்காருமுன் கேட்டே ஆக வேண்டிய கேள்விகள் உண்டு. ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, ரத்தம் நீர்க்கிற மாத்திரை போடுகிறார்களா, முழுகாமல் இருக்கிறார்களா. ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் எழுப்பி அனுப்பிவிடுவேன்.

ஒரு விஷயத்தைத் தாமதமாகத்தான் கவனித்தேன். நான் ஊசி போட்ட உதடுகளை என்னால் படிக்க முடியவில்லை. மருந்து ஏறிய உதடு முழுசாக மூடுவதில்லை, ஓரங்கள் அசைவதில்லை. பேங்கில் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாது, மருந்துக்கடையில் தெரியாது. ஊரை என் கையாலேயே ஊமையாக்கிக்கொண்டு வந்தேன். அதனால்தான் சின்னவளை வரவேற்பு மேசையில் உட்கார வைத்தேன். வருகிறவர் சொல்வதை அவள் எனக்குத் திருப்பிச் சொல்வாள். கொஞ்ச நாளில் வருகிறவர்கள் அவளைப் பார்த்துவிட்டு, "உங்க தங்கச்சிக்கே பண்ணலையே" என்று கேலி பேசினார்கள். அதுவும் நியாயம்தானே. அவளுக்கும் போட்டேன், பேச்சைப் படிக்க முடிகிற அளவுக்குக் கொஞ்சமாக. மிக அழகாக வந்தது. வாசல் போர்டில் அவள் படம்தான் இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை. வருவதும் போவதுமாக இருப்பான். அவள் எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தாள். என் வீட்டுக்காரரை மாமா என்று கூப்பிடுவாள்.

அன்றைக்கு நான் உள் அறையில் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அங்கே இருக்கிற பெரிய கண்ணாடியில் வரவேற்பு மேசை தெரியும். சின்னவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் யார் என்று தெரியாது. நான் படித்தது இதுதான்.

"மாமா பத்தி அக்காகிட்ட இப்போ சொல்ல வேணாம். அவ தாங்க மாட்டா."

நான் கருவிகளைத் துடைத்து முடித்தேன். இன்னொரு நாள், அதே கண்ணாடி, அதே போன். "எந்நேரமும் மாமா நினைப்புதான்" என்று சிரித்தாள்.

அதன்பிறகு கண்ணில் பட்டதெல்லாம் அதற்கு ஏற்றபடியே இருந்தது. மாடிக்குத் தண்ணீர்க் கேனை அவளைத் தூக்கவிடாமல் என் வீட்டுக்காரர் ஓடிப்போய் வாங்கிக்கொண்டார். நடந்து வருகிற தூரத்துக்கு அவளைக் காரில் கொண்டுவந்து விட்டார். நான் அறைக்குள் நுழைந்தால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். காது கேட்காதவள் வரும்போது பேச்சை நிறுத்த வேண்டிய அவசியம் என்ன, மேடம்? நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சண்டை போடுகிற சுபாவம் எனக்கு இல்லை.

போர்டுக்குப் புதுப் படம் எடுக்க வேண்டும், அதற்கு முன்னால் உதட்டைக் கொஞ்சம் எடுப்பாக்கிவிடலாம் என்று சின்னவளைக் கூப்பிட்டேன்.

"இப்போ வேணாம்க்கா."

"ஏன்?"

"சும்மாதான்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நான் அவள் தாடையைப் பிடித்துத் தூக்கிய பிறகுதான் சொல் தெரிந்தது.

அடுத்த நாளும் கேட்டேன். அதற்கடுத்த நாள், "என் கையில நம்பிக்கை போயிடுச்சா?" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. சரி என்று வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு என் மனம் நோகக் கூடாது, அவ்வளவுதான்.

மரத்துப்போகிற க்ரீமைத் தடவி, அது வேலை செய்யக் காத்திருந்தோம். விளக்கு அவள் முகத்துக்கு நேராக இருந்தது. திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மரத்துப்போன உதடு தடித்துத் தடுமாறியது.

"அக்கா, ஒன்னு சொல்லணும். மாமா..."

"அப்புறம் சொல்லு. இப்போ வாயசைக்கக் கூடாது" என்றேன்.

இந்த வேலையில் ஒரு ஆபத்து உண்டு. ஊசி ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் மருந்து உள்ளே அடைத்துக்கொள்ளும். அந்த இடம் வெளுக்கும். விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் நிறம் திரும்பி வராது. அதைக் கரைக்க வேறு மருந்து இருக்கிறது, உடனே போட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். எந்த நல்ல கைக்கும் இது எப்போதாவது நேரும். எனக்கே இரண்டு முறை நேர்ந்திருக்கிறது. அந்த இரண்டு பேரும் இன்னும் என்னிடம்தான் வருகிறார்கள்.

சின்னவளுடைய மேலுதடு வெளுத்தது. அழுத்திப் பார்த்தேன். நிறம் வரவில்லை. அவள் கையை ஆட்டி, வலிக்கிறது என்றாள். "இது சகஜம்" என்றேன். கரைக்கிற மருந்து என் முதுகுக்குப் பின்னால் குளிர்ப்பெட்டியில் இருந்தது. நான் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையைக் கழுவினேன். சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, நன்றாகக் கழுவினேன். பிறகு போர்டுக்குப் படம் எடுத்தேன். அவளைச் சிரிக்கச் சொன்னேன். சிரித்தாள்.

மறுநாள் உதட்டிலிருந்து மூக்குவரை வலை பின்னியது போல நீலம் ஓடியிருந்தது. என்னிடம்தான் வந்தாள். வேறு யாரிடம் போவாள்? "ரத்தம் கட்டியிருக்கு, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றேன். நம்பினாள். நம்பியே கெட்டாள் என்று அவள் புருஷன் இப்போது சொல்கிறானாம். அவன் சொன்னதில் அது ஒன்றுதான் முழு உண்மை.

உதடு கறுத்த பிறகு என் வீட்டுக்காரர்தான் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். வராந்தாவில் வைத்து அவரிடம் சொன்னேன். "உங்க ரெண்டு பேர் விஷயமும் எனக்குத் தெரியும். அவ வாயால மாமா மாமான்னு சொன்னதைக் கண்ணாடியில பாத்தேன்."

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு மழித்த முகத்தோடு, டிரைவிங் கற்க வந்தவர்களிடம் சொல்வதுபோல, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

நான் பார்த்தது இதுதான். "அது மாமா. மாமா இல்ல. மாமா."

பயத்தில் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நினைத்தேன். அவர் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் இரண்டு கையையும் சேர்த்துத் தொட்டிலாக்கி, நெஞ்சுக்கு முன்னால் ஆட்டிக் காட்டினார்.

பாப்பா. மாமா இல்லை, பாப்பா. அவள் கப்பலில் இருந்த புருஷனிடம்தான் பேசியிருக்கிறாள். பாப்பா பத்தி அக்காகிட்ட இப்போ சொல்ல வேணாம். வயிற்றில் நிலைத்துவிட்டது என்று உறுதியான பிறகு என்னிடம் பக்குவமாகச் சொல்லலாம் என்று இருந்தார்களாம். எனக்கு மூன்றும் தங்காமல் போனதற்காக.

நீங்கள் இப்போது எழுதிக் காட்டுவதைப் படித்தேன், மேடம். கை தவறிவிட்டதா, காது கேட்காததால் வந்த குழப்பமா என்று கேட்கிறீர்கள். சின்னவளும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்கிறீர்கள். அக்கா கை தவறிடுச்சு, வேணும்னு செய்யல. அவள் மனசு அப்படி. ஆனால் என் வாக்குமூலத்தை அப்படி எழுதி முடித்துவிடாதீர்கள். என் கை தவறவில்லை. மேலுதட்டு ரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது என்று இருட்டில்கூட எனக்குத் தெரியும். எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று நினைத்தேனோ அங்கேதான் வைத்தேன்.

படித்ததும் தவறவில்லை. பானாவும் மானாவும் கண்ணுக்கு ஒன்று என்று எனக்கு முதல் நாளே தெரியும். முன்னாடி பின்னாடி பார்க்க வேண்டும் என்றும் தெரியும். பார்த்தேன். அவள் டீயை நிறுத்தியதைப் பார்த்தேன். காலையில் வாயைப் பொத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்தேன். போனில் பேசும்போது அவளுடைய இன்னொரு கை எங்கே இருந்தது என்பதும் கண்ணாடியில் தெரிந்தது. மூன்று தடவை உண்டான எனக்கு, அந்தக் கை ஏன் அங்கே இருக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நாற்காலியில் உட்காருகிற எல்லோரிடமும் கேட்பேன் என்றேனே, முழுகாமல் இருக்கிறீர்களா என்று. சின்னவளிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள், அவளுக்குப் பொய் வராது. சொல்லிவிட்டால் அப்புறம் என்னால் மாமா என்று படிக்க முடியாது.

மாமா என்றால் எனக்குக் கோபம் வரும். கோபத்தோடு இருந்துவிடலாம். அந்த இன்னொரு சொல்லோடு ஒரே வீட்டில் எப்படி இருப்பது? அவ தாங்க மாட்டா என்று சின்னவள் சொன்னதை மட்டும் நான் சரியாகவே படித்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் மறுபடி மீசை வளர்த்துவிட்டார். நேற்று என்னைப் பார்க்க வந்து ஏதோ சொன்னார், ஒன்றும் தெரியவில்லை. பிறகு உங்களைப் போல எழுதிக் காட்டினார். குழந்தை பிறந்துவிட்டதாம். பெண். நலம். சின்னவளுக்கு மேலுதடு பாதி இல்லை, மீதி இழுத்துக்கொண்டுவிட்டது, வாய் மூடுவதில்லையாம். பாப்பா என்று சொல்ல வரவில்லையாம். குழந்தையைக் கண்ணு, கண்ணு என்று கூப்பிடுகிறாளாம்.

நான் அதை என் வாயால் சொல்லிப் பார்த்தேன். உதடு எங்கேயும் ஒட்டவில்லை. நல்ல சொல். இனி எனக்கும் சின்னவளுக்கும் நடுவில் எந்தக் குழப்பமும் வராது.