பதின்மூன்றாவது ரவை

எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் சூடான ஆட்டிறைச்சி றோல் வேண்டுமென்றால் சனிக்கிழமை பதினொரு மணிக்கு முன்னரே கடைக்குப் போய்விட வேண்டும். பிந்தினால் மரக்கறி றோல்தான் மிஞ்சும். அந்தச் சனிக்கிழமை நான் நேரத்துக்குப் போய் ஆறு றோல் வாங்கினேன். நான்கைத் தில்லையம்பலம் தின்றான். அவனுக்கு வயிறாரச் சாப்பிடக் கொடுத்தேன் என்பதை முதலில் பதிந்துகொள்ளுங்கள்.

விசாரணை நீதிபதி அம்மா, இதை நானே தமிழில் எழுதித் தருகிறேன். மொழிபெயர்ப்பாளர் அக்‌ஷரா நல்ல பிள்ளை, ஆனால் வாயால் சொல்லும்போது இடையிடையே நான் சிரித்துவிடுகிறேன் என்று குறைப்படுகிறார். அது என் சுபாவம். பெயர் புண்ணியமூர்த்தி. ரூ பெர்தொனேயில் ஒரு நகைக்கடையின் பின்னறையில் முப்பத்தொரு வருடமாக நகை செய்கிறேன். இந்தத் தெருவில் வாங்கிய தாலிகளில் பாதி என் தராசில் ஏறி இறங்கியவை.

தில்லையம்பலம் பக்கத்துத் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். இருபது வருடச் சிநேகிதன். அவனுடைய அப்பா பருத்தித்துறையில் பொலிஸ்காரராக இருந்தவர். அவர் தோளில் தொங்கிய த்ரீ நாட் த்ரீ துவக்கை ஒருநாளும் தொடவிடவில்லை என்ற மனக்குறை இவனுக்கு ஐம்பது வயதுவரை இருந்தது. ஓல்னே-சூ-புவாவுக்கு அப்பால் ஒரு துப்பாக்கி சுடும் கழகம் இருப்பதை அறிந்து, முறைப்படி லிசான்ஸ் எடுத்து, அதே இனத்துப் பழைய துவக்கு ஒன்றை வாங்கினான். துணைக்கு என்னையும் சேர்த்துக்கொண்டான். என் மனைவி கோசலை சொன்னதை அக்‌ஷரா அப்படியே மொழிபெயர்க்க வேண்டும்: "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்ததுகள், இப்ப சனிக்கிழமையிலை ரிக்கெற் எடுத்துப் போய்ச் சுடுதுகள்."

முதலில் படைகள் கழித்துவிட்ட பழைய துவக்கு ரவைகளைத்தான் சுட்டோம். கழகத் தலைவர் மார்செல், ஓய்வுபெற்ற ரயில்காரர், மரப்பெட்டி மரப்பெட்டியாக வாங்கி வைத்திருந்தார். எங்களைவிட வயது கூடிய ரவைகள். விசையை இழுத்தால் சில 'டிக்' என்று மட்டும் சொல்லும். குறியை விட்டு அசையாமல் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும், நினைத்துக்கொண்டு பிறகு வெடித்தாலும் வெடிக்கும். சுட்டு முடிந்ததும் குழாயைக் கொதிநீர் ஊற்றிக் கழுவாவிட்டால் அடுத்த கிழமை துருப்பிடித்துவிடும். தில்லை அதற்கென்று ஒரு கேத்தல் கொண்டுவருவான், அதே கேத்தலில் எங்களுக்குத் தேநீரும் போடுவான். சந்தோசமாகத்தான் இருந்தோம்.

பெட்டிகள் காலியானபோது வேலை என்னிடம் வந்தது. சுட்டு விழுந்த வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி, துடைத்து, புது வெடிமருந்தும் புதுச் சன்னமும் வைத்து மறுபடியும் ரவையாக்க வேண்டும். என் கைக்கென்றே பிறந்த வேலை. இதற்காக வீட்டில் ஒரு சின்னத் தராசு வாங்கி வைத்தேன். தங்கத்துக்குச் சேதாரம் உண்டு, மருந்துக்குக் கிடையாது. ஐம்பது ரவை செய்தால் ஐம்பதும் ஒரு தாய் பிள்ளைகளாக இருக்கும். மார்செல் என் பெட்டியைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்.

ஜூலையில் கழகத்தில் மதியச் சாப்பாடு. அன்று தில்லை சுட்டதெல்லாம் குறிக்குக் கீழேயே போனது. வெட்கத்தை மறைக்க ஏதாவது சொல்ல வேண்டாமா?

"என்ரை கண்ணிலை பிழையில்லை. இவன் மூர்த்தி மருந்தை நிறுக்கிறேல்லை, கறிக்கு உப்புப் போடுற மாதிரிக் கையாலை கிள்ளிப் போடுறான்" என்றான். அதையே பிரெஞ்சிலும் சொன்னான். மேசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த சனிக்கிழமை மார்செல் என் ரவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழகத்துத் தராசில் நிறுத்துப் பார்த்தார்.

"அது பகிடி எண்டு அவையளுக்கு ஒருக்காச் சொல்லிவிடு" என்று தில்லையிடம் கேட்டேன்.

"உனக்கென்ன விசரே மச்சான்? அவங்கள் அப்பவே மறந்திருப்பாங்கள்."

அவனே மறக்கவிடவில்லை. மிளகாய்த்தூள் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கதையையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தான். ஆவணியில் தாலிக்கொடி செய்விக்க வந்த சிவாஜினி என்ற பிள்ளை, "அண்ணை, இதையும் உப்புக் கணக்கிலையோ நிறுக்கிறியள்?" என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு வேறு கடையில் செய்வித்தாள். தாலியை நிறுக்கும் கையில் சந்தேகம் வந்துவிட்டால், அம்மா, அந்தக் கை இருந்தென்ன, போயென்ன? நான் கோபக்காரன் அல்ல. மூன்று தரம் தில்லையிடம் கேட்டேன். மூன்று தரமும் என் முதுகில் தட்டிச் சிரித்தான்.

என்மேல் ஒரு குற்றம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆயுத பூசையன்று தொழில் சாமான்களைச் சாமிப் படத்தின் முன் வைத்துப் பொட்டு வைத்துவிட்டால், மறுநாள் விஜயதசமிவரை தொடக்கூடாது. என் ஆயுளில் நான் தொட்டதில்லை. இந்த வருடம் கோசலை கோயிலுக்குப் போயிருந்த நேரம் சின்னத் தராசை எடுத்து, தட்டிலிருந்த குங்குமத்தைத் துடைத்து, ஒரேயொரு ரவை செய்தேன். எப்படி என்பதை எழுதப்போவதில்லை, கழகத்தில் பொறுப்பில்லாதவர்களும் இருக்கிறார்கள். மூன்று தரம் நிறுத்துச் சரிபார்த்தேன். பிறகு குங்குமத்தைத் திருப்பி வைத்தேன்.

"பொட்டு இடம் மாறிக் கிடக்கு" என்றாள் கோசலை வந்ததும்.

"அம்பாள் மாத்தியிருப்பா" என்றேன். அம்பாளுக்கு அடுத்த நாளே நூற்றெட்டுத் தரம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

அந்த ரவையை ஐம்பது ரவைப் பெட்டியில் பதின்மூன்றாவதாக வைத்தேன். தில்லை எப்போதும் இடது பக்கத்திலிருந்து வரிசையாகத்தான் எடுப்பான். முதல் பன்னிரண்டும் நான் செய்தவற்றிலேயே மிக நல்லவை. பன்னிரண்டு சந்தர்ப்பம் கொடுத்தேன், அம்மா. 'நல்ல ரவை மூர்த்தி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏதாவது சாட்டுச் சொல்லிப் பெட்டியை வாங்கியிருப்பேன். றோல் தின்ற அந்தச் சனிக்கிழமை அவன் ஒவ்வொன்றாகச் சுட, பக்கத்தில் நின்று எண்ணினேன். பன்னிரண்டும் நடுவிலே போய் விழுந்தன. அந்த அழகைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது. தில்லை பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரும்பினான்.

"பாத்தியே மச்சான், என்ரை கண்ணை" என்றான்.

கண்ணாடியை அவன் இறக்கிவிடவில்லை. நான் இரண்டடி பின்னால் போனேன்.

துவக்கு கைக்குள்ளேயே வெடித்தாலும் உயிருக்கு ஆபத்தில்லை. வலக்கண் போய்விட்டது, வலக்கையில் மூன்று விரல் இல்லை. முதலில் ஓடிப்போய்த் தாங்கியவன் நான்தான், மார்செல் சாட்சி. ஆசுபத்திரிக்கும் நாள் தவறாமல் போனேன். றோலைச் சின்னத் துண்டுகளாக்கி ஊட்டினேன். ஆட்டிறைச்சி றோல்தான், மரக்கறி அல்ல.

பிறகு வல்லுநரின் அறிக்கை வந்தது. 'கவனக்குறைவாக நிரப்பப்பட்ட ரவை' என்று எழுதியிருந்தார். படித்தவர் இப்படி எழுதலாமா? பொலிஸ் அதை விபத்தென்று முடிக்க இருந்தது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பேன். ஆனால் நேற்று, அவன் மனைவி சிவனேஸ்வரியும் மார்செலும் கட்டிலருகே நிற்க, தில்லை மிஞ்சிய கையால் என் கையைப் பிடித்தான்.

"பயப்பிடாதை மச்சான். நீ வேணுமெண்டு செய்யேல்லை எண்டு பொலிசுக்குச் சொல்லிப்போட்டன். மனிசன்தானே, கை தவறும். நான் உன்னை மன்னிச்சிட்டன்."

சிவனேஸ்வரி அழுதாள். மார்செல் பாவம் பார்த்து என் தோளைத் தடவினார். அந்த ஜூலை மேசையில்கூட எனக்கு நெஞ்சு இப்படிக் கொதித்ததில்லை. றோல் பையை அங்கேயே வைத்துவிட்டு நேராகப் பொலிசுக்குப் போனேன்.

ஆகவே தெளிவாகப் பதிந்துகொள்ளுங்கள். அந்த ரவையைச் செய்தவன் நான். தில்லைக்கென்றே செய்தேன். அதில் கூடினதும் இல்லை, குறைந்ததும் இல்லை, நான் நினைத்த அளவு அப்படியே இருந்தது. என் கை தவறவில்லை. 'கவனக்குறைவு' என்ற சொல்லை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டு, மார்செலுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். சிவாஜினிக்கும் ஒன்று போனால் நல்லது. பொலிஸ் கொண்டுபோன என் தராசுகளையும் சீக்கிரம் தந்துவிடுங்கள், தீபாவளிக்கு இரண்டு சோடிக் காப்பு முடிக்கக் கிடக்கிறது.

இதைத் தில்லைக்கு வாசித்துக் காட்டும்போது அவன் சங்கடப்படுவான். என்னிடம் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை என்று சொல்லுங்கள். அந்த உப்புக் கதையை நான் எப்போதோ மறந்துவிட்டேன்.