களஞ்சியத்து ஓட்டை

ஊழியர்: ...இதைத்தான் ஐயா எல்லாரும் வாயைப் பொளந்து பாக்கறாங்க!

கணவர்: எதை?

ஊழியர்: இந்த ஓட்டையை! எங்கெங்கயோ இருந்த பழைய வீடு, கொட்டில்னு நாப்பதைப் பிரிச்சுக் கொண்டாந்து, இந்த அருங்காட்சியகத் தோட்டம் முழுக்க நிறுத்தியிருக்கோம். ஆனா ஓட்டை போட்ட களஞ்சியம் உங்க வீட்டுது ஒண்ணுதான்!

மனைவி: ஏங்க, உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?

கணவர்: வெயில்...

மனைவி: நிழல்லதானே நிக்கிறோம்?

ஊழியர்: தானியம் புழுங்காம இருக்கக் காத்துக்கு வழி! மூணு வருஷ ஆராய்ச்சி. பலகையும் எழுதியாச்சு. ‘ஆமா, உண்மைதான்’னு வீட்டுக்காரர் நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா, என் வேலை நிரந்தரமாயிடும்.

கணவர்: போடாட்டி...?

ஊழியர்: ஐயா! என் பொழப்புல மண்ணைப் போடாதீங்க!

மனைவி: போடுங்களேன். பேனாவைப் பிடிச்சுட்டு என்ன யோசனை?

கணவர்: பொய்க் கையெழுத்துப் போட மனசு வரலை...

ஊழியர்: பொய்யா?

கணவர்: ஓட்டை போட்டது நான்தான் தம்பி. இருபது வயசுல. அப்பாவோட உளியை எடுத்து...

ஊழியர்: எதுக்கு?

கணவர்: களஞ்சியத்துக்குப் பின்னாடிதான் இவங்க வீட்டுக் கிணறு. தண்ணி எடுக்க இவ வருவா...

ஊழியர்: அம்மாவைப் பாக்கவா! போச்சு! என் மூணு வருஷமும் போச்சு!

கணவர்: ஏய்... கோவிச்சுக்காதே. கட்டிக்கிட்ட உன்கிட்டயும் இத்தனை வருஷம் மறைச்சுட்டேன்.

மனைவி: கோவமெல்லாம் இல்லைங்க.

ஊழியர்: இருங்க, இருங்க! உள்பக்கம் நேரா இருக்கு. வெளிப்பக்கம் மட்டும் சாய்வா செதுக்கியிருக்கே? அதுவும் நீங்களா?

கணவர்: இல்லையே... நான் நேராத்தான் போட்டேன். கணக்குத் தப்பி, மாட்டுக்கொட்டில்தான் தெரிஞ்சுது. நாலு நாள் எருமையையே பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

ஊழியர்: அப்புறம்?

கணவர்: அஞ்சாம் நாள் பாத்தா, பளிச்சுன்னு கிணறு! கடவுளாப் பாத்து வழி விட்டார்னு நெனைச்சேன்.

ஊழியர்: கடவுள் உளி பிடிப்பாராய்யா? வெளியிலேர்ந்து யாரோ செதுக்கியிருக்காங்க. யாரு அது?

மனைவி: தம்பி, அந்தப் பலகையை அழிச்சுட்டு உள்ளதை எழுதுங்க, கூட்டம் ரெண்டு மடங்கா வரும். காகிதத்துல எனக்கும் கையெழுத்துப் போட இடம் விடுங்க. ராவோட ராவா காய்கறிக் கத்தியை வெச்சுக்கிட்டு நான்தான் செதுக்கினேன். இந்த மனுஷன் எருமையையே பாத்துட்டிருந்தா எங்களுக்கு எப்பக் கல்யாணம் ஆகறது?