மீட்டர் அறுநூறு காட்டியது

பட்டறைக்கு யார் வந்தாலும் டீ சொல்லிவிட்டுத்தான் போனட்டைத் திறப்பேன். பழனிசெட்டிபட்டியில் மெக்கானிக் விஜய்ராஜ் என்றால் அப்படித்தான் தெரியும். ஈஸ்வரபாண்டிக்கும் அன்று டீ வாங்கிக் கொடுத்தேன் சார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் லாரியில் புகைச் சூட்டைக் காட்டும் மீட்டர் உண்டு. எஞ்சினை விட்டு வெளியேறும் புகை எழுநூறு டிகிரியைத் தாண்டிக்கொண்டே போனால் பிஸ்டன் உருகிவிடும். குமுளி ஏற்றத்தில் மற்ற டிரைவர்கள் ரோட்டை மட்டும் பார்ப்பார்கள். அவன் முள்ளையும் பார்ப்பான். முள் ஏறினால் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிடுவான். ஒன்பது வருடமாக அவன் எஞ்சினைப் பிரிக்கிற வேலை எனக்கு வரவே இல்லை.

வீட்டுக்கும் வருவான். என் மனைவி மாரீஸ்வரி அவனை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். சித்திரையில் ஒருநாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஈஸ்வரபாண்டி அண்ணன் மீட்டரக்கூட நிமிசத்துக்கு நிமிசம் பாக்குறாக. நீங்க எம் மூஞ்சிய நிமிந்து பாத்து எத்தன நாளாச்சு?"

அவன் எதைப் பார்க்கிறான் என்பது இவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். இரண்டு மாதம் அதையே யோசித்தேன். அவன் சாப்பிட வருகிற நாட்களில் மட்டும் ரசம் நன்றாக இருப்பதாகத் தோன்றியது.

ஆனியில் இழுவை போதவில்லை என்று வந்தான். பம்பில் டீசலைக் கூட்டினேன்; இழுவை கூடும், புகைச் சூடும் கூடும். அது அவன் கேட்டது. மீட்டரின் சென்சாரைக் கழற்றி, சைலன்சர் பக்கமாகத் தள்ளி மாட்டினேன். அது அவன் கேட்காதது. அங்கே வருவதற்குள் புகை ஆறிவிடும். உள்ளே எண்ணூறு என்றால் முள் அறுநூற்றில் நிற்கும்.

மறுநாள் காலை சின்னமனூரில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போனான். லோயர் கேம்ப்பைத் தாண்டி ஏறும்போது போன் செய்தான்.

"மாப்ள, வண்டி பிச்சுக்கிட்டு ஏறுது. ஆனா ஏதோ கருகுற வாட வருது. மீட்டரு அறுநூறுதான் காட்டுது. ஓரங்கட்டிப் பாக்கவா?"

"மீட்டரு சொல்றதக் கேளு. நிக்காம மிதி" என்றேன்.

மூன்றாவது வளைவில் பிஸ்டன் உருகி எஞ்சின் இறுகிவிட்டது. பிரேக்கை மிதித்திருப்பான், பாரம் கேட்கவில்லை, வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பள்ளத்தில் தள்ளியது. அவன் உடலை மேலே கொண்டுவர மதியமாகிவிட்டது. கயிறு பிடித்தவர்களில் நானும் ஒருவன்.

சென்சாரை மாற்றியது நான். நிற்காமல் மிதிக்கச் சொன்னதும் நான். நேற்று மாரீஸ்வரியிடமும் இதைச் சொல்லிவிட்டேன். துணிமணியை எடுத்துக்கொண்டு உத்தமபாளையத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். இரண்டு நாளில் வந்துவிடுவாள் சார். இனி எங்களுக்குள் சண்டை வர எந்தக் காரணமும் இல்லை.