மரவள்ளிக்கு வந்த பன்றி

கறிவேப்பிலைக்கு அரிசி கழுவிய தண்ணீரே போதும், மகள். பசளை ஒன்றும் தேவையில்லை. நீ போகும்போது இரண்டு கன்று வேரோடு கிண்டித் தருகிறேன், உங்கள் ஊர் உன்னிச்சை மண்ணில் நன்றாகப் பிடிக்கும். இப்படி இந்த வாங்கில் இரு. என் பிள்ளை புஸ்பம் அமிர்தகழிக் கோயிலுக்குப் போயிருக்கிறாள், பொழுதுபடத்தான் வருவாள். அவள் இல்லாத நாளில் நீ வந்ததும் ஒருவகையில் நல்லதுதான்.

உன் அண்ணன் நல்லரத்தினம் எப்படிச் செத்தார் என்று கேட்கிறாய். கூடப்பிறந்தவள் கேட்காமல் யார் கேட்பது. ஊரில் சொல்லியிருப்பார்கள், பொழுது மங்குகிற மம்மல் நேரத்தில் வாவிப் பக்கமாக வந்தார், ஆமி சுட்டது என்று. அதில் பொய் இல்லை. மிச்சத்தை என் மருமகனின் தங்கைக்கு நான் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வளவில் தொடங்கித்தான் சொல்ல முடியும்.

இந்த வளவில் விருந்தாளிகளுக்குக் குறைவே இல்லை. விடிந்தால் புலுனிக் குருவிக் கூட்டம், அது கிளறிவிட்டுப் போனால் அணில். மாங்காய்க் காலத்தில் குரங்கு, பலா பழுத்தால் மரநாய். கரையோரக் கண்டல் மரங்களுக்குள்ளிருந்து ஓர் உடும்பு வரும், கோழி முட்டை என்றால் அதற்கு உயிர். நான் எதற்கும் கல்லெறிந்ததில்லை, அயலில் கேட்டுப்பார். அவையெல்லாம் தின்றுவிட்டுப் போகிற சீவன்கள். வளவைத் தூக்கிக்கொண்டு போவதில்லை.

தொண்ணூறுச் சண்டைக்குப் பிறகு சந்தியில் ஆமிக்காரர் முகாம் போட்டார்கள். அங்கே சமையலுக்கு நின்ற ஒரு பொடியன் எலுமிச்சங்காயும் கொச்சிக்காயும் கேட்டு வருவான். மொனராகலைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. தமிழ் ஓரளவு வரும். அவனுடைய தகப்பன் சோளன் போட்டால் பாதி பன்றிக்குத்தான் போகுமாம். துவக்கைத் தோளில் மாட்டியபடியே என் கத்தரிச் செடிகளுக்கு நடுவில் நின்று கதைப்பான். எனக்கும் பிடித்திருந்தது, வளவைப் பற்றிக் கதைக்க வீட்டில் வேறு யாருக்கு நேரம் இருந்தது. இடையில் யார் வாறது, யார் போறது என்று கேட்பான். குரங்கு வருகிறது, மரநாய் வருகிறது என்பேன். சிரிப்பான்.

உன் அண்ணன் நல்ல மனிதர். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத்தான் பாவம். குடி இல்லை, உரத்துப் பேசமாட்டார். வீச்சுவலையும் தோணியுமாக இருந்தார். பெண்ணின் வீட்டுக்கு ஆண் வந்து இருப்பதுதான் எங்கள் வழக்கம், நீயும் அந்த வழக்கத்தில் பிறந்தவள். கலியாணத்தோடு வீட்டையும் வளவையும் புஸ்பத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, குசினியோடு ஒட்டிய சாய்ப்புக்குள் நான் பாயை விரித்தேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. என் பிள்ளையின் குரல் கேட்கிற தூரம்தானே.

ஒருநாள் அவளுடைய தலையணைக்குக் கீழே ஒரு சீலைத்துண்டு முடிச்சைக் கண்டேன். அவிழ்த்தால் வெண்டி, பயற்றை, கத்தரி விதைகள், சாம்பலில் புரட்டிப் பக்குவமாகக் காயவைத்திருந்தாள். இந்த வளவில் இருக்கிறவளுக்கு விதை வேண்டுமென்றால் செடியில் கை வைத்தால் போதும். வேறெங்கோ பாத்தி கட்டப் போகிறவள்தான் முடிச்சுப் போடுவாள். கேட்டேன். சும்மா எடுத்து வைத்தேன் என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

அதற்குப் பிறகு நான் கவனிக்கத் தொடங்கினேன். உன் அண்ணன் மீனுக்குப் போகிறேன் என்று போவார், தோணிக்குள் வைக்கோல் துரும்பு கிடக்கும். வாவியில் வைக்கோல் ஏது. அக்கரையில் யாரைப் பார்க்கிறார், எதற்குப் போகிறார் என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. அந்த நாளில் எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்பட்டோம், என்னை மட்டும் குறை சொல்லாதே. கடைசியில் அவரே மரியாதையாக வந்து சொன்னார்.

"மாமி, முகாமுக்குப் பக்கத்தில இனி இரிக்க ஏலா. ஒவ்வொரு நாளும் ஆரையாவது பிடிக்கிறானுகள். உன்னிச்சையில எங்கட வயல் வட்டையோட ஒரு குடில் போட்டிரிக்கன். புஸ்பத்தக் கூட்டிக்கிட்டுப் போகப்போறன். நீங்களும் வாங்க."

நீங்களும் வாங்க என்றார், உண்மைதான். சொல்ல வேண்டியதைச் சொன்னார். அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கத்தான் செய்தேன். அங்கே உன் அம்மாவின் அடுப்பு, உன் அம்மாவின் கிணறு. அந்த முற்றத்தில் நான் யார்.

அடுத்த முறை அந்தப் பொடியன் எலுமிச்சங்காய்க்கு வந்தபோது, இப்போது ஒரு பன்றியும் வருகிறது என்றேன். வாவிப் பக்கத்து வேலியில் ஆள் போகவரக் கடப்பு விட்டிருந்தோம், பிறகு அடைத்துவிட்டேன், அதோ அந்த இடம்தான். மம்மலில் அதனூடாக வந்து மரவள்ளிப் பாத்தியைக் கிண்டிப்போடுகிறது என்றேன். அவன் சிரிக்கவில்லை.

"நாலு கால் பன்றியா அம்மா, ரெண்டு காலா?"

"இருட்டுக்குள்ள காலப் பாத்துக்கிட்டா தம்பி நிக்கிற" என்றேன்.

நாளைக்கு வந்து பாத்தியைப் பார்க்கிறேன் என்றான். பார்க்க வருகிறவனுக்குக் காட்ட ஏதாவது இருக்க வேண்டுமே. மறுநாள் புஸ்பம் கிணற்றடியில் நின்ற நேரம் மண்வெட்டியை எடுத்துப் பாத்தியைக் கிண்டினேன். இந்த வளவுக்குப் பன்றி ஒருநாளும் வந்ததில்லை, மகள். அவன் வந்தான், பாத்தியைப் பார்த்தான், கடப்பைப் பார்த்தான். கொச்சிக்காயைக்கூட வாங்காமல் போனான்.

கிண்டிய கிழங்கை எறிய எனக்கு மனம் வரவில்லை. நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்தது. அவித்துச் சம்பலோடு வைத்தேன். உன் அண்ணன் இன்னும் கொஞ்சம் போடுங்க மாமி என்று கேட்டுச் சாப்பிட்டார். புஸ்பம்தான் ஒரு கிழங்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பண்டி கிண்டினதெண்டு சொன்னீங்க. ஒரு பல்லுக்கூடப் படல்லியே" என்றாள்.

மிச்சம் விட்டுவிட்டுப் போயிருக்கிறது, சாப்பிடு என்றேன்.

அடுத்த நாள் காலையில் அவரிடம், இறால் தின்று கனநாள் மருமகன் என்று சொன்னேன். இறால் மம்மலில்தான் வலைக்கு வரும். அதை நான் அவருக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. புருஷனும் பெண்டிலும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மாமி மனம் மாறிவிட்டாள், கூட வரப்போகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

வெடி கேட்டபோது நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். புஸ்பம் எழுந்து ஓடப் பார்த்தாள். கையைப் பிடித்து இருத்தினேன். "பண்டிக்குச் சுடுறானுகள், இரி" என்றேன். அவள் அப்படியே இருந்துவிட்டாள். துருவத் தொடங்கிய தேங்காயை வைத்தால் புளித்துவிடும், நான் துருவி முடித்தேன்.

விடிந்த பிறகுதான் உடலை எடுக்க விட்டார்கள். இடுப்பில் கட்டியிருந்த மீன்பறியில் பெரிய பெரிய இறால். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அடுத்த வளவுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஒன்றை நீ விளங்கிக்கொள்ள வேண்டும். அவருடைய பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை. பன்றி என்றுதான் சொன்னேன். ஆனாலும் இவ்வளவு தூரம் வந்து கேட்கிறாய், மழுப்பக்கூடாது. துவக்கு அவர்களுடையது. உன் அண்ணனைக் கொன்றது நான்.

புஸ்பம் இங்கேதான் இருக்கிறாள், பார், அதற்காகத்தானே எல்லாம். அந்த விதை முடிச்சை எட்டாம் நாள் அடுப்பில் போட்டாள், நான் தடுக்கவில்லை. நான் சமைப்பதைச் சாப்பிடுகிறாள், மரவள்ளியைத் தவிர. அது அவள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை போல. கதை பேச்சுக் குறைந்துவிட்டது, அது எந்த விதவைக்கும் உள்ளதுதான். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டு மாரி என் பக்கத்தில் பாய் விரித்துப் படுப்பாளா.

மரவள்ளியைப் பற்றி நான் ஊரில் ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. அந்தப் பொடியனையும் வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். பாத்தி இருந்த இடத்தில் இப்போது கீரை போட்டிருக்கிறேன். ஆனால் நீ படலையைத் திறந்ததும் திறக்காததுமாக, தண்ணீர்கூடக் குடிக்காமல், "மாமி, மரவள்ளி நிண்ட இடம் எது?" என்று கேட்டாய்.

அதை உனக்கு யார் சொன்னது, மகள்?