இருவர் சேர்ந்து ஓடும் வாசல்

மானிப்பாயில் பஸ்ஸுக்காக நின்றேன். முன்னால் ஒரு பெண்ணும் நடுவயதுக்காரர் ஒருவரும் சுருட்டிய வரைபடத்தோடு நின்றார்கள். ஷெல்லடியில் இடிந்த வீடுகளுக்கு இலவசமாகப் படம் வரைந்து கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தை, கந்தோரை, நடத்துபவர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

“அண்ணை, அந்த வீடு இடிஞ்ச அம்மாவுக்குப் புது வீட்டு வாசல் இரண்டு பேர் ஒண்டாய் ஓடுற அகலத்துக்கு வேணுமாம்.”

“ஏனாம்?”

“ஷெல் விழுந்த அண்டைக்கு அந்த அம்மா முன்னுக்கு ஓடி வெளியிலை வந்திட்டா. பின்னாலை வந்த மகள் வாசலைத் தாண்டேல்லை.”



“அப்ப படத்திலை அகலமாய்க் கீறு, தங்கச்சி.”

“கீறிட்டன். அவ்வளவு பெரிய கதவுக்குப் பலகைக்கு எங்கை போறது?”

“எங்கடை கந்தோர் மேசை நல்ல தேக்கு. அதைக் கழட்டுவம்.”

“பிறகு எதிலை வைச்சுக் கீறுறது?”

“நிலத்திலை இருந்து கீறுவம்.”