மூன்றாவது கதிரையில் இருந்தவர்

எனது பெயர் இராசையா சிவசோதி. வயது நாற்பத்து மூன்று. இலங்கையின் மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்தவன். படகில் இந்நாட்டுக்கு வந்து, இப்போது தற்காலிக விசாவில், மெல்பேர்ன் ரோவிலில் திரு. சிறி, திருமதி நிரஞ்சினி ஆகியோருடைய வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறேன். காய்கறி பொதி செய்யும் இடமொன்றில் வேலை செய்கிறேன். இன்று 2012 நவம்பர் முதலாம் திகதி, வியாழக்கிழமை, பொலிஸ் நிலையத்தில், மொழிபெயர்ப்பாளர் திருமதி கலா பக்கத்தில் இருந்து நான் தமிழில் சொல்லச் சொல்ல எழுத, இதைக் கூறுகிறேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை. என்மீது குற்றச்சாட்டு எதுவும் இல்லை என்று அதிகாரி இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை, நான் திரும்பக் கேட்டதால் சொன்னார்.

மேற்படி வீட்டில் பிரியதர்சினி என்ற பதினொரு வயதுப் பெண்பிள்ளை இருக்கிறாள். சிறி, நிரஞ்சினியின் ஒரே மகள். எனக்கும் அந்த வயதில் ஒரு மகள் மன்னாரில் தாயுடன் இருக்கிறாள். இவர்கள் இந்த வருடம்தான் ஸ்பிரிங்வேலில் இருந்து ரோவிலுக்கு வீடு மாறியவர்கள். புதிய பள்ளிக்கூடத்தில் பிரியதர்சினிக்குச் சிநேகிதர் குறைவு. மதியச் சாப்பாட்டைத் தனியாக இருந்து சாப்பிடுவதாகத் தாயிடம் சொல்லாமல் என்னிடம் சொல்லியிருந்தாள். ஒக்டோபர் மாதம் ஒரு நாள் அவள் பள்ளியால் வந்து, பிள்ளைகள் பேய்வேடம் போடும் ஹலோவீன் நாளான ஒக்டோபர் 31 அன்று எங்கள் கராஜில் பேய்வீடு நடக்கும் என்று வகுப்பு முழுவதற்கும் அறிவித்துவிட்டதாகக் கூறினாள். அப்போது எங்களிடம் கராஜ் மட்டுமே இருந்தது. பேய்வீடு இருக்கவில்லை.

அதற்கு நிரஞ்சினி சம்மதிக்கவில்லை. "பேயைக் கலைக்கத்தான் சனம் கோயிலுக்குப் போறது. நீ வெத்திலை வைச்சுக் கூப்பிடுறாய்" என்றார். சிறி, "பிள்ளை சொல்லிப்போட்டு வந்திட்டுது, விடுமன்" என்றார். நிரஞ்சினி குசினிக்குப் போய்விட்டார். அங்கே சட்டிகளை வைக்கும் சத்தம் கூடியிருந்தது.

அதன் பிறகு நான் மேற்பார்வையாளரிடம் கேட்டு, வேலையிடத்தில் எறியக் கிடந்த பெரிய மட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்தேன். சிறியும் நானும் அவற்றைப் பிரித்து, கராஜுக்குள் சுவர்போல நிறுத்தி, நடந்துபோக ஒரு வளைந்த வழி செய்தோம். ஒக்டோபர் கடைசியில் இங்கே இரவுச் சாப்பாடு முடிந்த பிறகும் வெயில் இருக்கும் என்பதால், யன்னலுக்கும் கதவு இடுக்குகளுக்கும் கறுப்புப் பொலித்தீன் ஒட்டினோம். உரித்த தேங்காய்களைக் கண் இருக்கும் பக்கம் முன்னால் தெரியக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து இழுத்துச் சிலந்திவலை செய்தோம். பிரியதர்சினி தொட்டுப் பார்க்கும் மேசை ஒன்று வேண்டும் என்றாள். அதற்கு, தகர ரின்னில் தோலுரித்து அடைத்து வந்த ரம்புட்டான் பழங்களைக் கண்களாகவும், அவித்து ஆறிய இடியப்பத்தில் எண்ணெய் விட்டு அதைக் குடலாகவும் வைத்தோம். இடியப்பத்தை அவித்துத் தந்தவர் நிரஞ்சினி. இரத்தத்துக்குப் பீற்றூட்டை அவித்து வடித்துத் தந்தவரும் அவரே. உப்புக் காணுமா என்று பார்த்தும் தந்தார்.

என்னைப் பேயாக இருக்கும்படி பிரியதர்சினி கேட்டாள். பிள்ளைகளைப் பயப்படுத்த எனக்கு விருப்பமில்லை என்று சொன்னேன். அவள் வற்புறுத்தவில்லை. "ஓகே அங்கிள், யூ டூ த மேக்கப்" என்றாள். ஆகவே பேய்களுக்கு முகம் பூசுவது எனது பொறுப்பானது. அரிசிமாவையும் வாசலினையும் குழைத்து வெள்ளைப் பூச்சுச் செய்தேன். பேய்களுக்கு மூன்று கதிரைகள் வைத்திருந்தோம். ஒன்று சிறிக்கு. அவர் முகமூடி போட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் சங்கிலி இழுப்பார். இரண்டாவதில், சட்டைக்குள் வைக்கோல் அடைத்த பொம்மை. மூன்றாவது, சிறியின் நண்பர் சிவபாலன் என்பவருக்கு. அவர் நேற்று மாலை போனில் கூப்பிட்டு, தனக்கு வேலை முடியவில்லை என்றும், தன்னோடு வேலைசெய்யும் வெள்ளைக்காரர் ஒருவரை அனுப்புவதாகவும், அவர் வயதானவர் என்றாலும் பகிடிக்காரர் என்றும் கூறினார். அந்த அழைப்பை எடுத்தது நான். இது இவ்விடயத்தில் முக்கியம் என்பதால் சொல்கிறேன்.

நேற்று ஐந்து மணியளவில் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். பிரியதர்சினி வாசலில் நின்று நாலு நாலு பேராக உள்ளே விட்டாள். அந்த நேரம் கராஜின் பின்கதவால் வயதான ஒருவர் உள்ளே வந்தார். வெள்ளை முடி, கபில நிறக் கம்பளிச் சட்டை, நல்ல சப்பாத்து. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். சிவபாலன் அனுப்பியவர் இவர்தான் என்று முடிவுசெய்து, மூன்றாவது கதிரையைக் காட்டினேன். அவர் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தித் தந்தார். நான் அவருக்கு மாப்பூச்சுப் பூசி, கண்ணைச் சுற்றிக் கரி வைத்து, தோளில் வெள்ளைத் துணி போட்டு, வாயின் ஓரத்திலும் உள்ளே போட்டிருந்த சேட்டின் கழுத்திலும் பீற்றூட் தண்ணீர் தெளித்தேன். பூசி முடியும் மட்டும் அவர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். அவருடைய முகம் சவரம் செய்து மழமழவென்று இருந்தது. யாரோ கவனமாகச் செய்துவிட்ட சவரம் என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். கன்னத்தில் ஒரு சிறு வெட்டுக்காயத்துக்குத் துண்டுக் கடதாசி ஒட்டியிருந்தது. அதன்மேல் பூச்சுப் படாமல் பார்த்துப் பூசினேன்.

அதன் பிறகு முதல் நாலு பிள்ளைகளும் வந்தபோது, அவர் ஒரு சத்தமும் போடாமல் கதிரையில் இருந்து மெதுவாக எழுந்து, நெஞ்சில் கை வைத்துக் குனிந்து, "புவோனா சேரா" என்றார். அது இத்தாலிய மொழியில் மாலை வணக்கம் என்று பின்னர் அறிந்தேன். பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடி, வெளியே போய்ச் சிரித்து, திரும்பவும் வரிசையில் நின்றார்கள். சிறி இழுத்த சங்கிலிக்கு ஒருவரும் பயப்படவில்லை. பெரியவருடைய வணக்கத்துக்குத்தான் பயந்தார்கள். அதன் பிறகு வந்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவர் அப்படியே எழுந்து, அப்படியே குனிந்து, அதையே சொன்னார். ஒரு சிறுமி அழத் தொடங்கியபோது, தன் துணியின் நுனியால் அவளுடைய கண்ணைத் துடைத்துவிட்டார். இடையில் நான் தேத்தண்ணி கொடுத்தேன். கை நடுங்கியதால் கோப்பையை நான் பிடித்துக்கொண்டேன். அவர் என்னிடம் நீளமாக ஏதோ சொன்னார். நான் "ஓம் ஐயா" என்றேன். திரும்பவும் சொன்னார். திரும்பவும் "ஓம்" என்றேன்.

அதன் பிறகு பொலிஸ் அதிகாரி ஒருவர் கராஜ் வாசலுக்கு வந்தார். எண்பது வயது மனிதர் ஒருவரைக் காணவில்லை என்று தெருத்தெருவாகத் தேடுவதாகச் சிறியிடம் சொன்னார். சிறி திரைக்குப் பின்னால் முகமூடியோடு இருந்ததால் பெரியவரை ஒழுங்காகப் பார்த்திருக்கவில்லை. அப்படி யாரும் வரவில்லை என்றார். எனக்கு 'ஓல்ட் மேன்' என்பது மட்டும் விளங்கியது. என்னிடமும் கேட்டிருந்தால், வெள்ளை முடிக்காரர் ஒருவர் உள்ளே வேலைசெய்கிறார் என்று காட்டியிருப்பேன். ஆனால் சீருடையைக் கண்டதும் நான் திரைக்குப் பின்னால் போய்விட்டேன். போகக் காரணம் ஏதும் இருக்கவில்லை. போய்விட்டேன்.

அதிகாரி உள்ளேயும் பார்க்க வேண்டும் என்று ரோர்ச் லைற்றோடு நடந்தார். பிரியதர்சினி பின்னால் போய், ரோர்ச் அடித்தால் பேய்வீடு பழுதாகிவிடும் என்றாள். அவர் அதை அணைத்தார். மூன்றாவது கதிரைக்குக் கிட்டப் போனபோது பெரியவர் எழுந்து, "புவோனா சேரா" என்றார். அதிகாரி பின்னால் கால்வைத்து, தொங்கிய தேங்காயில் தலையை இடித்துக்கொண்டார். அதன் பிறகு சிரித்து, "குட் ஒன், மேற்" என்று பாராட்டி வெளியே போய்விட்டார். அவரைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. பூச்சு நன்றாகப் பிடித்திருந்தது.

சிறிது நேரத்தின் பின் வெளியே தெருவில் ஒரு பெண் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போவது கேட்டது. உள்ளே பெரியவர் அடுத்த பிள்ளைகளுக்கு வணக்கம் சொன்னார். கூப்பிடும் சத்தம் நின்றது. அந்தப் பெண் பிள்ளைகளை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, பொலித்தீனை இழுத்துக் கிழித்தார். வெயில் உள்ளே விழுந்தது. வெள்ளை முகத்தோடும் கழுத்தில் சிவப்போடும் தகப்பனைக் கண்டு அவர் கத்தினார். வரிசையில் நின்ற பிள்ளைகள், அதுவும் பேய்வீட்டைச் சேர்ந்தது என்று நினைத்துக் கைதட்டினார்கள். அவர் தகப்பனின் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு, யார் இப்படிச் செய்தது என்று கேட்டார். அந்த ஆங்கிலம் எனக்கு விளங்கியது. "நான்" என்றேன்.

சத்தம் கேட்டு அதே அதிகாரி ஓடிவந்தார். நான் இரண்டு கைகளையும் தலைக்குமேலே தூக்கிக்கொண்டு நிலத்தில் முழங்காலில் இருந்தேன். அப்படிச் செய்யும்படி என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. அதிகாரி இதைக் கட்டாயம் எழுதும்படி கேட்டதால் எழுதப்படுகிறது. ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டார். முன்பு வேறு இடத்தில் அப்படித்தான் செய்வோம் என்று சொன்னேன்.

நான் அப்படி இருந்தபோது பெரியவர் மகளுடைய கையை விட்டுவிட்டு வந்து, என் பக்கத்தில் மெல்ல மெல்ல முழங்காலில் இருந்து, தன் இரண்டு கைகளையும் தூக்கினார். நடுங்கின. ஆனாலும் இறக்கவில்லை. அதன் பிறகு அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டு எங்களுக்கு முன்னால் குந்தி இருந்து ஏதோ சொன்னார். பிரியதர்சினி தமிழில், "அங்கிள், கையை இறக்கட்டாம். நீங்கள் இறக்கினால்தான் தாத்தாவும் இறக்குவாராம்" என்றாள். அவள் என்னோடு முழுக்கத் தமிழில் பேசியது நேற்றுத்தான் முதல் தடவை. நான் இறக்கினேன். அவரும் இறக்கினார்.

அதன் பிறகு நிரஞ்சினி குசினியால் வந்து, சிவப்புத் தண்ணீர் இருந்த கிண்ணத்தை எடுத்து, எல்லாருக்கும் முன்னால் ஒரு மிடறு குடித்துக் காட்டினார். அதிகாரி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். அந்தப் பெண்ணும் பார்த்தார். பார்த்துவிட்டு, பேய்களின் இரண்டாவது கதிரையில் பொம்மைக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்து அழுதார். நிரஞ்சினி அவருக்குப் பக்கத்தில் நின்று முதுகைத் தடவி, "சரி பிள்ளை, சரி" என்றார். தமிழில்தான் சொன்னார்.

அந்தப் பெண்ணின் பெயர் லூசியா. பெரியவரின் பெயர் உம்பேர்ட்டோ. அவர்கள் அடுத்த தெருவில் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் மனைவி இறந்த பிறகு மகள் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தாராம். அவருக்கு ஞாபகம் தவறும். தாயின் செத்தவீட்டுக்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை என்றும், தெருவில் தகப்பனின் குரல் கேட்டபோது தான் முதலில் நம்பவில்லை என்றும் லூசியா சொன்னார். மகள் உடுப்புக் காயப்போட்ட நேரம், தெருவால் போன பிள்ளைகளுக்குப் பின்னால் தகப்பன் வந்திருக்கிறார். சிவபாலன் அனுப்பிய மனிதர் வேறு வீட்டுக்குப் போய், அங்கே இனிப்பு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாராம்.

லூசியா என்மீது முறைப்பாடு ஒன்றும் இல்லை என்று அந்த இடத்திலேயே கூறினார். காணாமற்போனவர் என்று பதிந்த விடயம் என்பதால், அவர் எங்கே, யாருடன் இருந்தார் என்று எழுதி முடிக்க வேண்டும் என அதிகாரி சொன்னார். விசாவுக்குப் பிரச்சினை வருமா என்று கேட்டேன். இல்லை என்றார். இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஆனாலும் காலையில் வேலைக்குப் போய்விட்டு நானாகவே வந்தேன்.

நேற்று மகள் கூப்பிட்டபோது உம்பேர்ட்டோ போக மறுத்தார். முகத்தைக் கழுவவும் விடவில்லை. வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, முன்பு தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னதைத் திரும்பவும் சொன்னார். லூசியா அதை ஆங்கிலத்தில் சொல்ல, பிரியதர்சினி எனக்குச் சொன்னாள். தன் வேலை எனக்குப் பிடித்திருக்கிறதா, நாளைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்கிறாராம். நான் நிரஞ்சினியைப் பார்த்தேன். அவர் கிழிந்த பொலித்தீனைப் பார்த்துக்கொண்டு, "ஐஞ்சு மணிக்கு வரச் சொல்லுங்கோ. நான் இன்னும் கொஞ்சம் இடியப்பம் அவிக்கிறன்" என்றார்.

மேலும் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று, நேற்று வந்த அதே அதிகாரி கேட்டார். ஒன்று இருக்கிறது. இப்போது நாலு மணி தாண்டிவிட்டது. எனக்குப் பஸ் பிடித்துப் போய்ப் பூச்சுக் குழைக்க வேண்டும். நேற்று முறை கிடைக்காத பிள்ளைகள் இன்று வருகிறார்கள், பிரியதர்சினி அவர்களைப் பள்ளியால் நேரே கூட்டிவருகிறாள். இதற்குமேல் கேள்விகள் இருந்தால் கராஜுக்கு வந்து கேட்கும்படி வேண்டினேன். அதிகாரி தன் வேலைநேரம் ஆறு மணிக்கு முடியும் என்றும், அதன் பிறகு வரலாமா என்றும் கேட்டார். வரலாம், ஆனால் ரோர்ச் கொண்டுவரக் கூடாது என்று சொன்னேன்.

மேலே உள்ளவை நான் சொன்னபடியே எழுதப்பட்டு, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை. நான் அறிந்தவரை யாவும் உண்மை என்று ஏற்றுக் கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) இ. சிவசோதி

என் முன்னிலையில் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டியவர்: (ஒப்பம்) கலா, மொழிபெயர்ப்பாளர்