ஆட்டைப் பார்த்துப் பேசியவர்கள்

அந்தோணிமேரி: ...அதைத்தான் மாமா கேக்குறேன். கயிறு அறுகல, முளைக்குச்சி அசையல. ஆடு மட்டும் எப்படிப் போகும்?

ஆரோக்கியமுத்து: போகும். கால் இருக்குல்ல.

அந்தோணிமேரி: கால் இருந்தா கழுத்துக் கயித்தத் தானே அவுத்துக்குமா? நேத்தும் போச்சு, முந்தாநாளும் போச்சு...

ஆரோக்கியமுத்து: எம் மகன் மருமகளக் கூட்டிட்டு வந்தானா, போலீசக் கூட்டிட்டு வந்தானா? அந்தக் கம்ப இங்கிட்டு எடு. நேரமாகுது.

அந்தோணிமேரி: எங்க கெளம்புறீங்க?

ஆரோக்கியமுத்து: ஆட்டப் பிடிக்க. வேற எங்க, திருச்சிக்கா?

அந்தோணிமேரி: உக்காருங்க மாமா. முட்டியில போட்ட பத்து இன்னும் காயல. போன ஞாயித்துக்கெழம நீங்க வரப்புல விழுந்தத ஒங்க மகன் கண்ணால பாத்துட்டாரு. சனிக்கெழம மில்லுலேர்ந்து வந்ததும் ஆட்ட யாவாரி சேவுகனுக்கு வித்துறப் போறாராம். நீங்க பேசாம கட்டில்ல உக்காந்து, வேளைக்குச் சாப்புட்டு...

ஆரோக்கியமுத்து: விக்கவா? யாரக் கேட்டு?

அந்தோணிமேரி: ஒங்க நல்லதுக்குத்தான சொல்றாரு.

ஆரோக்கியமுத்து: கெணறு வெட்டுன ஒடம்பு தாயி இது. உக்கார வச்சா துருப் பிடிச்சுப் போகும். அதுவுமில்லாம... அது செனை ஆடு. விக்கக் கூடாது.

அந்தோணிமேரி: செனையா? போன மாசந்தான குட்டி போட்டுச்சு?

ஆரோக்கியமுத்து: ...குட்டி இன்னும் பால் மறக்கலேன்னு சொல்ல வந்தேன்.

அந்தோணிமேரி: மாமா, நெசத்தச் சொல்லுங்க. ஆடு போறது ஒங்க தம்பி கடலைக் கொல்லைக்கு. அந்தா தெரியுது, கூப்புடு தூரம். பிடிச்சுட்டு வர ஏன் உச்சிப்பொழுது ஆகுது?

ஆரோக்கியமுத்து: அது ஓடுது. நான் வெரட்டுறேன்.

அந்தோணிமேரி: நேத்து ஒங்க பின்னாலயே வந்தேன்.

ஆரோக்கியமுத்து: எதுக்கு வந்த?

அந்தோணிமேரி: புளியமரத்து நெழல்ல அங்கிட்டு நீங்க, இங்கிட்டுச் சின்ன மாமா. நடுவுல ஆடு.

ஆரோக்கியமுத்து: நான் அவங்கூடப் பேசல! மாதா கோயில் சப்பரத்தன்னிக்கு முன்கொம்பு தூக்கிட்டு நின்ன என்னய, ஊரே பாக்க, 'வயசாயிருச்சு, பின்னால போண்ணே'ன்னு சொன்னவன் அவன். அவங்கூட எனக்கென்ன பேச்சு?

அந்தோணிமேரி: ஆமா, அவருகூடப் பேசல. ஆட்டுகூடப் பேசுனீங்க. 'ஏ ஆடே, இந்தக் கொல்லைக்காரனுக்கு இருமல் கொறஞ்சுதான்னு கேளு.' அவரும் ஆட்டப் பாத்து, 'தூதுவளைக் கஷாயம் குடிச்சேன்னு சொல்லு ஆடே.' எனக்குச் சிரிப்ப அடக்க முடியல மாமா.

ஆரோக்கியமுத்து: ஒளிஞ்சு நின்னா கேட்ட?

அந்தோணிமேரி: அப்புறம் அவரு வெத்தலைய நீட்டி, 'வேணுங்கிறவுக எடுத்துக்கலாம்னு சொல்லு ஆடே'ங்கிறாரு. நீங்க ரோசத்துல கை நீட்டல. பாதிய ஆடு தின்னுருச்சு.

ஆரோக்கியமுத்து: பாதியில்ல. முழுசும்.

அந்தோணிமேரி: ஏன் மாமா, புதுக்கோட்டைச் சமஸ்தானமே இந்தியாவோட சேந்துருச்சு. அண்ணன் தம்பி நீங்க சேர மாட்டீங்களா?

ஆரோக்கியமுத்து: அது கையெழுத்துல முடிஞ்சுபோச்சு. இது ரோசம் தாயி... சரி, என்னயவே கேட்டுக்கிட்டு இருக்கியே. ஆட்ட அவுத்து விடுறது நீதான?

அந்தோணிமேரி: யாரு சொன்னா?

ஆரோக்கியமுத்து: சொல்லு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?

அந்தோணிமேரி: ஒரே ஒரு தடவ மாமா. சப்பரம் முடிஞ்சு வந்தவரு சொவத்தப் பாத்துப் படுத்தீங்க. வச்ச கஞ்சி வச்ச எடத்துல ஆடை கட்டிக் கெடக்கும். பேரப்புள்ளைக வந்தா, 'போ அங்கிட்டு'ன்னு வெரட்டுனீங்க. எனக்குப் பயமாப் போச்சு. ஆடு ஓடுதுன்னு சத்தம் போட்டாலாச்சும் எந்திரிப்பீங்கன்னு அவுத்து விட்டேன். எந்திரிச்சீங்கள்ல? இப்ப அதே புள்ளைக ஒங்க முதுகுலதான தொங்குதுக!

ஆரோக்கியமுத்து: அது சரி... அதுக்கப்புறம்?

அந்தோணிமேரி: அதுக்கப்புறம் நான் கயித்தத் தொடவே இல்ல. நீங்களே அவுத்து விட்டுட்டு ஓடுறீங்கன்னு நெனச்சேன். கண்டும் காணாம இருந்தேன்.

ஆரோக்கியமுத்து: நானா? மாதா மேல சத்தியமா இல்ல. நீதான்னு நெனச்சு நானும் கண்டும் காணாம இருந்தேன்.

அந்தோணிமேரி: அப்ப... யாரு மாமா?

ஆரோக்கியமுத்து: இரு, இரு. வாசல்ல ஆடு கத்துது. கொல்லைக்காரன் பிடிச்சுட்டு வர்றான்.

பங்கிராஸ்: ஏ ஆடே, இந்த வீட்டு மருமககிட்டக் கேளு. ஒன்னய விக்கப் போறாகளாமே? சேவுகன் ரோட்டுல பாத்துச் சொன்னான்.

அந்தோணிமேரி: வாங்க சின்ன மாமா. எங்கிட்ட நேராவே பேசலாம். நமக்குள்ள என்ன சண்டை?

பங்கிராஸ்: விக்காத ஆத்தா.

அந்தோணிமேரி: ஒங்க கடலையத் தின்னு தீக்குதே?

பங்கிராஸ்: நான் பிராது குடுத்தேனா? எம் புள்ளைக எல்லாம் மலேயாவுல இருக்குதுக. இந்தக் கடலைய உரிச்சு யாருக்குக் குடுக்கப் போறேன்? ஆடாச்சும் திங்கட்டும்.

அந்தோணிமேரி: அதுக்கில்ல... அதப் பிடிக்க ஓடி மாமா விழுந்துட்டாரே.

பங்கிராஸ்: அந்த வரப்ப வெட்டி அகலமாப் போட்டுட்டேன். இனிமே விழ வேண்டியதில்லன்னு... சொல்லு ஆடே.

ஆரோக்கியமுத்து: ம்ம்.

அந்தோணிமேரி: சரி, ஆடு இங்கயே நிக்கட்டும். ஒங்க மகன்கிட்ட நான் பேசிக்கிறேன் மாமா. ஆனா எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும் சின்ன மாமா. கட்டிப் போட்ட ஆடு ஒங்க கொல்லைக்கு எப்படி வருது?

பங்கிராஸ்: அத... ஆட்டத்தான் கேக்கணும்.

ஆரோக்கியமுத்து: பங்கிராசு. ஆட்ட விடுடா. என்னயப் பாத்துச் சொல்லு. நீயா அவுத்த?

அந்தோணிமேரி: மாமா! நேராப் பேசிட்டீங்க!

ஆரோக்கியமுத்து: நீ சும்மா இரு. சொல்றா.

பங்கிராஸ்: மொத நா அதுவா வந்துச்சு, பின்னால நீ வந்த. மறுநா வரும் வரும்னு ஒக்காந்திருந்தேன். அதுவும் வரல, நீயும் வரல. அதுலேருந்து விடியக்கருக்கல்ல நாந்தான் வந்து அவுக்குறேன். கடலைக்கொடியக் காட்டுனா சத்தமில்லாம வந்துரும்.

ஆரோக்கியமுத்து: எதுக்குடா திருடன் மாதிரி? வாசல்ல நின்னு, 'அண்ணே'ன்னு ஒரு கொரல் குடுத்தா வரமாட்டனா?

பங்கிராஸ்: கொரல் குடுத்து... நீ வராமப் போயிட்டா? ஆடு போனா, நீ வந்துதான ஆகணும்ணே.